நீலகிரியில் கடும் சொரியாசிஸுக்குச் சிகிச்சை: கோத்தகிரிப் பயண அனுபவம்

ஊரிலிருந்து "தோலெல்லாம் உரிகிறது, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை" என்று செய்தி வந்தால், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் உடனே க்ரீம் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கி, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம். கடுமையான தோல் நோய்க்கு அது போதாது. இந்த முறை கோத்தகிரிக்குப் போய், என் சித்தப்பாவின் சிகிச்சைக்காக ஊட்டிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. மருந்து மலையிலேயே கிடைக்கிறது. மருத்துவரும் இருக்கிறார். உடம்புக்குள் போன மருந்து என்ன செய்கிறது என்று மாதம் தவறாமல் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. அந்தப் பொறுப்பைக் குடும்பம்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. பணம் அனுப்புகிறவர்கள் க்ரீமுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் வண்டிச் செலவுக்கும் அனுப்பினால் உயிருக்கே பாதுகாப்பு.

சித்தப்பாவைப் போலவே எனக்கும், தோல் தடித்துச் செதிலாக உரியும் சொரியாசிஸ் உண்டு. எங்கள் குடும்பத்தில் அப்பா வழியில் வருகிறது. நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் களிம்பில் தொடங்கி, புற ஊதா ஒளி, மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் என்று படிப்படியாகப் போய், இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் அடலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் அந்த ஊசியை யாருக்கும் எடுத்த எடுப்பில் தருவதில்லை. நோயின் பரப்பையும் தடிப்பையும் அளக்கும் 'பாசி' மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்வித்தாளிலும் 10ஐத் தாண்ட வேண்டும். பழைய மருந்துகள் பலனளிக்காமலோ ஒத்துக்கொள்ளாமலோ போயிருக்க வேண்டும். இத்தனையும் கடந்து வந்தவள் என்பதால் சித்தப்பாவின் மருந்துச் சீட்டில் இருந்த பெயர்கள் எனக்குப் புதியவை அல்ல. அந்தப் பழக்கம் இந்தப் பயணத்தில் மிகவும் உதவியது.

என்னைப் போல ஊசி மருந்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்காகச் சில வரிகள். ஊசிப் பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். மருத்துவரின் கடிதம் கூடவே இருக்கட்டும். என்னுடைய பிராண்டு 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் 14 நாள் வரை வெளியே இருக்கலாம். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால், திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் அந்த 14 நாள் கணக்கு நிற்பதில்லை. கோத்தகிரிக் குளிரில் அறை வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. கோவை விமான நிலையத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரைதான் கவனம் வேண்டும், நிறுத்திய காரில் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் அறையை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தேன், சிரமமில்லை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

இனிச் சித்தப்பாவின் கதை.

தாத்தா குடும்பம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. சித்தப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர், அதாவது செடிகளைக் கத்தரித்து விடுகிறவர். கவாத்து வெட்டியவர்களுக்குத் தெரியும், முழங்கைக்குக் கீழே கீறல் இல்லாத நாளே இருக்காது. சொரியாசிஸ் உள்ளவருக்கு அந்தக் கீறல் சாதாரணக் கீறல் அல்ல; கீறின கோட்டிலேயே புதிய படை எழும்பும். 19ஆம் நூற்றாண்டில் கோப்னர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். சித்தப்பாவின் முன்கையில் தேயிலைக் குச்சி கிழித்த தடங்கள் எல்லாம் வெள்ளிச் செதில் படர்ந்த கோடுகளாக நின்றன. பல வருடமாக அது முழங்கை, முழங்கால், தலை என்ற அளவில்தான் இருந்தது. மார்கழி, தை மாதத்து வறண்ட குளிரில் கூடும், வெயில் வந்தால் குறையும். முழுக்கை ஸ்வெட்டரால் மூடிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அதைக் கெடுத்தது பக்கத்திலிருந்த ஒரு சிறிய கிளினிக். பெயர் வேண்டாம். அங்கே ஊசி போட்டார்கள், கூடவே பெயர் எழுதாத வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. ஊரே அந்த டாக்டரைப் புகழ்ந்தது. மருந்து தீர்ந்ததும் படை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி ஊசி, மறுபடி புகழ். இது ஸ்டீராய்டின் வேலை. சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால், நோய் உடம்பு முழுக்கப் பரவிச் சிவக்கலாம், சீழ்க் கொப்புளமாகவும் மாறலாம். தோல் மருத்துவம் படித்தவர்கள் இதற்காகவே அந்தப் பக்கம் போவதில்லை. நோயாளிக்கு இது தெரிய வழியில்லை. தெரிந்தவர் சொல்லாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்த அன்று சித்தப்பா அடுப்பை ஒட்டி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே சிவப்பு. தொட்டால் சுடுகிறது, அவரோ நடுங்குகிறார். கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. சித்தி பாயைத் தட்டி, உதிர்ந்த செதில்களைப் பெருக்கி அள்ளினார். முறத்தில் ஒரு கை அளவுக்குக் குவிந்திருந்தது. "காலையில்தான் பெருக்கினேன்" என்றார். உடம்பில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சிவந்து உரிவதை மருத்துவத்தில் எரித்ரோடெர்மா என்கிறார்கள். இது தோலோடு நிற்கும் விஷயம் அல்ல. தோலின் ரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்து உடம்புச் சூடு வெளியே போகிறது. தண்ணீரும் புரதமும் கசிகின்றன. இதயம் கூடுதலாக உழைக்கிறது. கிருமி நுழைய வாசல் திறந்து கிடக்கிறது. மலைக் குளிரில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. நாளை பார்க்கலாம் என்று தள்ளக்கூடிய நிலை அல்ல அது.

கோத்தகிரி அரசு மருத்துவமனையில் தாமதமே இல்லை. வெளிநோயாளி சீட்டுப் போடும்போதே செவிலியர் அவர் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்க விடாமல் உள்ளே அழைத்துப் போனார். ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊட்டிக்கு அனுப்ப 108 ஆம்புலன்ஸை அழைத்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. தொட்டபெட்டா வழியாகப் போகும் அந்தச் சாலையில், ஒவ்வொரு வளைவிலும் ஆம்புலன்ஸ் உதவியாளர் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டே வந்தார். அவருக்கு என் நன்றி.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனைக் கட்டடமும் வந்துவிட்டது. இதற்கு முன்பெல்லாம் கடுமையான தோல் நோய் என்றால் மலையிறங்கிக் கோவைக்குத்தான் ஓட வேண்டும். நடுங்குகிற நோயாளியைச் சமவெளிக்கும் மலைக்கும் ஏற்றியிறக்குவது எத்தனை பெரிய பாடு என்று எங்கள் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்ததே பெரிய நிம்மதி.

அங்கே பார்த்த தோல் மருத்துவர் இளம் பெண். அவர் கேள்வி கேட்ட விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கொடுத்த மருந்துக்கு ஈடானவை அந்தக் கேள்விகள். முதலில், "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொட்டிக் காட்டுங்கள்" என்றார். சித்தி மஞ்சள் பையைக் கவிழ்த்தார். ரத்த அழுத்தத்துக்காகச் சித்தப்பா அட்டினோலால் சாப்பிட்டு வந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளறிவிடும் என்று சொல்லி, பொது மருத்துவரோடு பேசி அம்லோடிபினுக்கு மாற்றினார். லித்தியம், குளோரோகுயின் போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு சித்தியை வெளியே அனுப்பிவிட்டுக் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டார். சித்தப்பா உண்மையைச் சொன்னார். மனைவி முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். தொண்டைப் புண் வந்ததா, எடை குறைந்ததா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததுண்டா என்று கேட்டார். கிளினிக் ஊசி எத்தனை முறை போட்டார்கள் என்பதை மட்டும் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

முதல் சில நாட்கள் பெரிய மருந்து எதுவும் இல்லை. சூடான வார்டு, உடம்பு முழுக்க வெள்ளை வாசலினும் லிக்விட் பாரஃபினும், நீர்ச்சத்து, முட்டையும் பருப்பும் கூடின உணவு, கிருமித் தொற்று இருக்கிறதா என்ற பரிசோதனை. சித்தி தினமும் பாரஃபினைக் கையில் ஊற்றிச் சூடாக்கி முதுகிலிருந்து தேய்த்துவிடுவார். நடுக்கம் அதிலேயே பாதி அடங்கியது. தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, இது சொரியாசிஸ்தான் என்று உறுதி செய்தார்கள். வேறு சில நோய்களும் இதே போல உடம்பு முழுக்கச் சிவக்க வைக்கும்.

அதன் பிறகுதான் எந்த மருந்து என்ற பேச்சு வந்தது. சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும், சில வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்; ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு அது வேண்டாம் என்றார் மருத்துவர். அசிட்ரெட்டின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்காது. உதடு வெடிக்கும், கொழுப்பு ஏறும். மெத்தோட்ரெக்ஸேட் மெதுவாகத்தான் பிடிக்கும், ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். விலை குறைவு, உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பழகின மருந்து. அமெரிக்காவில் 1972லேயே சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. குடியை முற்றிலும் விடுவதாக இருந்தால் மட்டுமே அது என்று சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி, மார்பு எக்ஸ்-ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகு, குறைந்த அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். அணுக்கள் இறங்கவில்லை. அதன் பிறகுதான் அளவைக் கூட்டினார்கள்.

ஒளிச் சிகிச்சையைப் பற்றி நானே கேட்டேன். எனக்கு ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட சிகிச்சை அது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில் வர வேண்டும். தோட்டத்தில் கூலி வாங்குகிறவர் வாரத்தில் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்கு வர முடியுமா? மேலும், உடம்பு முழுக்கச் சிவந்திருக்கும் நிலையில் ஒளி எரிச்சலைக் கூட்டும். மருத்துவர் சொன்னது சரிதான்.

பக்கத்து வார்டில் கூடலூர்ப் பக்கத்து ஆத்தா ஒருவர் பெம்ஃபிகஸ் நோயோடு இருந்தார். வாயெல்லாம் புண், முதுகில் உடைந்த கொப்புளங்கள். தோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் புரதத்தை உடம்பே எதிர்த்துத் தாக்கும் நோய் அது. ஒரு காலத்தில் வந்தால் பிழைப்பதே அரிது. மாதம் ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொட்டாக ஏற்றும் 'பல்ஸ்' முறையை 1980களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்தார். இந்தியாவில் எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். இப்போது ரிட்டுக்சிமாப் ஊசியும் வந்துவிட்டது. அந்த ஆத்தாவின் மகள் சித்தியிடம் சொன்னார்: "ஊசி போட்ட மறுமாதமே அம்மா கஞ்சி குடித்தார்கள்." ஸ்டீராய்டைத் திட்டினேன் அல்லவா, அதே ஸ்டீராய்டு சரியான நோய்க்கு, சரியான அளவில், கண்காணிப்போடு போகும்போது ஓர் உயிரைத் தூக்கி நிறுத்துகிறது.

என்னை உலுக்கிய சம்பவம் வீடு திரும்பிய பிறகு நடந்தது.

மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் அடுத்த மாதத்துக்கு வெளியே ஒரு கடையில் வாங்கினோம். நம் ஊர்க் கடைகளின் வழக்கப்படி, அட்டையைக் கத்தரிக்கோலால் தேவையான அளவு வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மேசைமேல் கொட்டினேன். இரண்டு துண்டு அட்டை. இரண்டிலும் சின்ன மஞ்சள் மாத்திரை. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்றது அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் வைட்டமினான ஃபோலிக் ஆசிட். மருந்தின் பெயர் அச்சடித்த பகுதி வெட்டின பக்கத்தோடு கடையிலேயே தங்கிவிட்டது. பின்பக்கம் பாதி எழுத்துகள் மட்டும். உறைமேல் நீலப் பேனாவில் '1 - 0 - 0' என்று இரண்டுக்கும் ஒன்றாக எழுதியிருந்தது. அதாவது தினமும் காலையில் ஒன்று.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து. அதைத் தினமும் சாப்பிட்டால் முதலில் வாய் வெந்துபோகும், பிறகு வெள்ளை அணுக்கள் விழும், காய்ச்சல், ரத்தக் கசிவு, மரணம் வரை போகும். தினசரி மாத்திரை என்று எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்காகவே பொதுவாக 2.5 மில்லிகிராம் மாத்திரையை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தக் கிழமை என்று பெட்டியிலேயே எழுத வேண்டும். இந்தியாவில் 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவில் விற்கிறார்கள். ஒரு மாதம் 5 கிடைத்து மறுமாதம் 10 கிடைத்தால், ஆங்கிலம் படிக்கத் தெரியாத வீட்டில் யார் கண்டுபிடிப்பது? கடைக்குத் திரும்பிப் போய் முழு அட்டையாகக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர். இனி இந்த மாத்திரையை வெட்டி விற்க மாட்டேன், உறையில் 'வாரம் ஒருநாள்' என்று எழுதாமல் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னபடி செய்வார் என்று நம்புகிறேன்.

வாய்ப்புண் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும், ஃபோலினிக் ஆசிட் என்ற முறிமருந்து இருக்கிறது, அது எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதையும் சித்தியிடம் பல தடவை சொன்னேன். அவர் செய்த ஏற்பாடு என் யோசனையைவிடச் சிறந்தது. மெத்தோட்ரெக்ஸேட் அட்டையைப் பீரோவில் சேலைக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஃபோலிக் ஆசிட் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், தினமும் கைக்கு எட்டுகிற இடத்தில். ஞாயிறு வேலை இல்லாத நாள். மதியச் சோற்றுக்குப் பிறகு அவரே எடுத்துக் கொடுப்பார், கொடுத்ததும் தினசரி நாட்காட்டித் தாளின் பின்னால் 'கொடுத்தேன்' என்று எழுதிக் கம்பியில் குத்திவிடுவார். அன்று மட்டும் ஃபோலிக் ஆசிட் கிடையாது. மருத்துவர் சொன்னபடி சித்தப்பாவின் சட்டைப்பையில் தமிழில் ஒரு அட்டை எழுதி வைத்தோம்: வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர், கோட்ரைமாக்ஸசோல் தர வேண்டாம், கேட்காமல் வலி மாத்திரை தர வேண்டாம். சளிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் கோட்ரைமாக்ஸசோலைக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அதுவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் படுத்துவிடும்.

லயனில் இது தொழுநோய் என்ற பேச்சு பரவியிருந்தது. முடிவெட்டுகிறவர் வர மறுத்திருக்கிறார். பேத்தியைத் தூக்க விடாமல் வைத்திருந்தார்கள், அதுதான் சித்தப்பாவை அதிகம் நோகடித்தது. சொரியாசிஸ் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலை அவசரப்படுத்துகிறது; ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாட்களில் வளர்ந்து உதிர்கிறது. தொழுநோயாக இருந்தாலும்கூட ஒதுக்கிவைக்க அவசியமில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசில் இலவசம், தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வருகிற தன்னார்வலர் அக்கா இதை எங்கள் வாசலில் நின்று, அடுத்த வீட்டுக்காரர்கள் காதுபட, உரக்கச் சொன்னார். நான் சொன்னதைவிட அவர் சொன்னதுதான் எடுபட்டது.

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் தேய்க்கலாமா என்று சித்தி கேட்டபோது மருத்துவர் தடுக்கவில்லை. தோல் வறளாமல் இருக்க உதவும், மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். பெயரும் கலவையும் எழுதாத பொட்டலங்களைத்தான் அறவே வேண்டாம் என்றார். அந்த வெள்ளை மாத்திரைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை.

நான் போட்டுக்கொள்கிற ஊசியைச் சித்தப்பாவுக்கும் வாங்கிக் கொடுக்கலாமே என்று என் தம்பி கேட்டான். பலரும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். அடலிமுமாபின் முதல் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்த வேறு நிறுவனத் தயாரிப்பு, உலகிலேயே இந்தியாவில்தான், 2014 டிசம்பரில், சைடஸ் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. செகுகினுமாப் என்ற இன்னொரு ஊசியும் கிடைக்கிறது. விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் தோட்டக் கூலியில் தாங்காது. நாம் அனுப்பலாம், எத்தனை வருடம்? அடலிமுமாபைச் சில மாதம் போட்டு நிறுத்தி, பணம் வந்ததும் மறுபடி தொடங்கினால், உடம்பு அந்த மருந்தையே எதிர்க்கும் பொருளை உண்டாக்கிவிடும், பிறகு மருந்து கேட்காது. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில், உள்ளே உறங்கும் கிருமியை இந்த ஊசி எழுப்பிவிடும் அபாயமும் பெரியது. அதற்கான பரிசோதனை இல்லாமல் முதல் ஊசியே போடக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் கேட்கவில்லை என்றால் அப்போது மருத்துவரோடு பேசுவோம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் சொந்த ஊசிப் பேனாக்களில் ஒன்றைக்கூடத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சித்தப்பாவின் மகளுக்குத் தலையில் கொஞ்சம் படை இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அப்பாவின் மாத்திரையில் இரண்டு தரச் சொல்லிச் சித்தியிடம் கேட்டிருக்கிறாள். நான் அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினேன். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். அசிட்ரெட்டின் சாப்பிட்டால் நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கிறவர் உடைந்த மாத்திரையைக் கையால் தொடுவதுகூட நல்லதல்ல. அவளுக்குத் தலைக்கு மட்டும் தடவும் மருந்து போதும், அதையும் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு அறிவித்தது. கடைகளில் இன்னமும் கேட்டால் கொடுக்கிறார்கள். படர்தாமரைக்கும் தேமலுக்கும் அதைத் தடவித் தோல் மெலிந்துபோன பிள்ளைகளைக் கோத்தகிரிச் சந்தையிலேயே பார்க்கலாம்.

இப்போது நடப்பது இதுதான். ரத்த அழுத்த மாத்திரையைத் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அந்த ஏற்பாட்டில் வராது. அதற்குக் கோத்தகிரியில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்து, தாளைப் படம் எடுத்து எனக்கும் தம்பிக்கும் அனுப்புகிறார்கள். நாங்கள் வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி, கிரியேட்டினின் ஆகியவற்றைப் பழைய தாளோடு வைத்துப் பார்க்கிறோம். முடிவெடுப்பது ஊட்டி மருத்துவர். சாதாரணப் பேருந்தில் சித்திக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கான இலவச விடியல் பயணம் மலைக்கும் வந்துவிட்டது, அதனால் துணைக்குப் போவதில் செலவுப் பேச்சே எழுவதில்லை. மாதத்தில் ஒருநாள் கூலி இழப்பையும் ஆய்வகச் செலவையும் நானும் தம்பியும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

சென்ற முறை எஸ்ஜிபிடி ஏறியிருந்தது. மருத்துவர் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மறுபடி குடித்தீர்களா என்று சித்தப்பாவிடம் தொலைபேசியிலேயே கேட்டார். பொங்கலுக்கு ஒரு நாள் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் இறங்கிவிட்டது, பழைய அளவிலேயே தொடர்கிறார். முதுகும் வயிறும் தெளிந்துவிட்டன. முழங்கையிலும் முன்காலிலும் மட்டும் படை மீதி இருக்கிறது. கவாத்துக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை வாங்கியிருக்கிறார்.